காளவாயில் வாங்கிய சூடு

பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது மறக்காது. டிரம்மில் சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள். சற்று நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் கட்டிகள் வெடித்துப் பிளந்து, தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். அடியில் அடுப்பே கிடையாது. "கிட்ட வராதே, கண்ணுல தெறிச்சிடும்" என்று பெரியவர்கள் விரட்டுவார்கள். அவர்கள் பயந்ததில் முழு நியாயம் உண்டு.

அந்தச் சூடு காளவாயில், அதாவது சுண்ணாம்புச் சூளையில், வாங்கியது. சுண்ணாம்புக்கல்லும் சரி, கிளிஞ்சலும் சரி, பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்தான். கரியோடு அடுக்கி எரித்தால் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போய், கால்சியம் ஆக்சைடு மிஞ்சுகிறது. அதுதான் சுட்ட சுண்ணாம்பு. 100 கிராம் கல் 56 கிராமாகக் குறையும்; மீதி 44 கிராம் வாயுவாகப் போய்விடும். இந்தப் பிரிவினைக்கு 178 கிலோஜூல் வெப்பம் செலவாகிறது. மாறாத அழுத்தத்தில் ஒரு வினை வாங்கும் அல்லது விடும் வெப்பம்தான் என்தால்பி மாற்றம்.

வெப்பத்தை வெளிவிடும் வினைகளே தானாக நடக்கும் என்று 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் பெர்த்தலோ கருதினார். ஆனால் மேசையில் வைத்த ஐஸ் கட்டி வெப்பத்தை வாங்கிக்கொண்டே தானாக உருகுகிறதே! வெப்பக் கணக்கு மட்டும் பார்த்தால் போதாது. ஆற்றல் எத்தனை விதமாகப் பரவிக் கிடக்க முடியும் என்பதையும் பார்க்க வேண்டும். அந்த அளவுக்கு 1865இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் வைத்த பெயர் என்ட்ரோபி. பிரபஞ்சத்தின் மொத்த என்ட்ரோபி கூடும் திசையில்தான் எதுவும் தானாக நடக்கும்.

கல்லுக்குள் கட்டுண்டிருந்த கார்பன் டை ஆக்சைடு வாயுவாக விடுபடும்போது, அதே 100 கிராமுக்கு என்ட்ரோபி சுமார் 160 அலகு (கெல்வினுக்கு ஜூல்) கூடுகிறது. அப்படியானால் வாசலில் கிடக்கும் சுண்ணாம்புக்கல் ஏன் தானாகப் பிரியவில்லை? என்னைப் பொறுத்தவரை இந்தப் பாடத்தின் உயிரே இந்தக் கேள்விதான். கல் வாங்கும் 178 கிலோஜூலும் சுற்றுப்புறத்திலிருந்து போகிறது. அதனால் சுற்றுப்புறத்தின் என்ட்ரோபி குறைகிறது. எவ்வளவு குறையும் என்பது வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்தால் கிடைக்கும். நூறு ரூபாய் தொலைந்தால் கூலிக்காரருக்கு அன்றைய சாப்பாடே போகும், செல்வந்தருக்கு உறைக்காது. அப்படித்தான் இதுவும். 25 டிகிரி செல்சியஸில், அதாவது 298 கெல்வினில், நட்டம் 597 அலகு. வரவு 160தான். 900 டிகிரியில், அதாவது 1,173 கெல்வினில், நட்டம் 152ஆகச் சுருங்கிவிடுகிறது. வரவு கொஞ்சம் மிஞ்சுகிறது, கல் பிரிகிறது. சூடு ஏறும்போது இந்த எண்களும் சற்று நகரும் என்பதால் இது தோராயக் கணக்குதான். ஆனாலும் கல்லிலிருந்து வரும் வாயுவின் அழுத்தம் ஒரு வளிமண்டலத்தைத் தொடுவது உண்மையிலேயே 900 டிகிரியை ஒட்டித்தான்.

இந்த வரவு செலவை ஒரே எண்ணாக்கியவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த கிப்ஸ். என்தால்பி மாற்றத்திலிருந்து, கெல்வின் வெப்பநிலையையும் என்ட்ரோபி மாற்றத்தையும் பெருக்கிக் கழித்தால் வருவது கட்டிலா ஆற்றல் மாற்றம். அது எதிர்மறையாக இருந்தால் வினை தானாக நடக்க இடமுண்டு. நம் கல்லுக்கு அறை வெப்பநிலையில் அது +130 கிலோஜூல்.

காளவாய்க்குக் காற்றோட்டம் தேவைப்படுவது கரி எரிவதற்கு மட்டுமல்ல, இதே கணக்காலும்தான். பிரிந்த வாயு உள்ளேயே தேங்கினால் அதன் என்ட்ரோபி வரவு குறையும், கல் முழுதாக வேகாது.

சரி, டிரம்முக்கு வருவோம். 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு தண்ணீரோடு சேரும்போது 65 கிலோஜூல் திரும்பி வருகிறது. ஒரு கிலோவுக்குக் கணக்கிட்டால் 1,160 கிலோஜூல். 30 டிகிரியில் இருக்கும் ஏறக்குறைய 4 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். மீதி 113 கிலோஜூல்? சுவரில் பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கி மறுபடி கல்லாகும்போது அது வெளியே வருகிறது. 65ஐயும் 113ஐயும் கூட்டினால் அதே 178!

கல்லாகும் வினைக்கும் கட்டிலா ஆற்றல் மாற்றம் எதிர்மறைதான், ஆனால் அது வேகத்தைச் சொல்லாது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம்தான், அதுவும் பூச்சின் நுண்துளைகள் வழியே மெல்ல ஊர்ந்து உள்ளே போக வேண்டும். கனமான சாந்துப் பூச்சு முழுக்கக் கல்லாக மாதங்கள், வருடங்கள்கூட ஆகும். டிரம்மில் கொதித்ததைவிட அதிகமான சூடு அந்தச் சுவரிலிருந்து அவ்வளவு காலமும் வந்துகொண்டேயிருக்கும், கை வைத்துப் பார்த்தால் சில்லென்றுதான் இருக்கும்.