கூகுளில் இல்லை என்றால் புது இனமா?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் போன வாரம் அம்மோனைட் (சுருள் ஓடு கல்லாகிப்போன புதைபடிவம்) ஒன்றைக் கொண்டு வந்தார். உள்ளங்கை அகலம். கிரைண்டரில் இழைத்து, வார்னிஷும் அடித்திருந்தார். "நெட் முழுக்கத் தேடிட்டேன் சார், இதே மாதிரி ஒண்ணுகூட இல்லை. புது இனம்தான். எங்க ஐயா பேரை வெச்சிடலாம்" என்றார். ஏதோ ஒரு ஆப் அந்தப் பெயரை லத்தீன் ஆக்கியும் கொடுத்திருந்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டேன். பழைய வீட்டுப் பரணில் என்றார்.

காரைக்குடியில் ஜியாலஜி வாத்தியார் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும், வருடம் முழுக்க இப்படி வந்துகொண்டே இருக்கும். ஆசையைக் குறை சொல்லவில்லை. கல்லைப் பார்த்துக் கேள்வி கேட்கத் தோன்றுவதே பெரிய விஷயம். ஆனால் ஒரே கதையை ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன், இனி இதைக் கையில் கொடுத்துவிடலாம்.

அம்மோனைட் நத்தை இல்லை. கணவாய், ஆக்டோபஸ் குடும்பத்துக்கு உறவான கடல் பிராணி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் போன காலத்தில் அதுவும் போனது. ஓடு எப்படிக் கல்லானது என்பதெல்லாம் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

முதலில் ஊர்க்கணக்கு. செட்டிநாட்டு மண்ணில் அம்மோனைட் கிடையாது. கிணறு வெட்டினால் செம்புறாங்கல் வரும், அதற்குக் கீழே மணற்கல் வரும், மேற்கே தள்ளிப் போனால் நைஸ் (gneiss) என்கிற பழைய உருமாறிய பாறை வரும். ஆகவே இங்கே ஒரு வீட்டில் அம்மோனைட் இருந்தால் அது வெளியூரிலிருந்து வந்தது. பெரும்பாலும் மூன்று வழி. ஒன்று காசி. நகரத்தார் சத்திரம் காசியில் இருப்பதால் யாத்திரை போன பெரியவர்கள் வாங்கி வந்த சாளக்கிராமம். நேபாளத்தில் காளி கண்டகி ஆற்றில் உருண்டு வருகிற கறுப்புக் கல் அது, உள்ளே இருப்பது சுமார் 15 கோடி ஆண்டுக்கு முந்திய ஜுராசிக் கால அம்மோனைட். பூஜையில் இருப்பதை நான் தொடுவதில்லை. உள்ளே சுருள் இருக்கிறதா என்று அறுத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், ஆச்சியிடம் திட்டு வாங்காதீர்கள். அறுத்தாலும் எனக்குப் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை.

இரண்டாவது வழி திருச்சி தாண்டி ஊட்டத்தூர், காரை, டால்மியாபுரம், அரியலூர். டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் காலத்துப் பாறைகள், உலகத் தரமானவை, நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன. வேலைக்குப் போனவர், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி ஓட்டியவர், கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஓடையில் பொறுக்கியவர் என்று யாராவது கொண்டு வந்திருப்பார்கள். மூன்றாவது, பழம்பொருள் கடை. மடகாஸ்கரிலிருந்து வரும் அறுத்துப் பாலிஷ் போட்ட அம்மோனைட்டை "பழைய பெரிய வீட்டுச் சாமான்" என்று விற்றிருக்கிறார்கள். ரங்கூன் தேக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் வந்த வீட்டுக்கு இதுவும் வந்திருக்கலாமே என்று வாங்குகிறவரும் நம்பிவிடுகிறார்.

சரி, இப்போது என்னை எரிச்சலூட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். "இதே மாதிரி இன்னொன்று இல்லை, அதனால் புது இனம்."

நெட்டில் இருப்பது யாரோ படம் எடுத்துப் போட்டது, விற்பனைக்கு வைத்தது, அவ்வளவுதான். தென்னிந்திய அம்மோனைட்டுகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1846-லேயே விவரித்துவிட்டார். புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கத்தில் கேயும் கன்லிஃபும் சேகரித்தவை அவை. பிரம்மா, விஷ்ணு, இந்திரன் என்று சாமி பெயர்களையே வைத்தார். அப்புறம் 1860-களில் ஸ்டோலிச்கா. மொராவியாவில் (இன்றைய செக் நாட்டில்) பிறந்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து, பக்கம் பக்கமாக வரைபடத்தோடு எழுதினார். 1874-ல் லடாக்கில் இறந்தபோது அவருக்கு 36 வயது. அதற்கடுத்து 1890-களில் வியன்னாவிலிருந்து காஸ்மாட். இவர்கள் எழுதியதையும், அதன்பின் நூறு வருடத்துக்கு மேல் மற்றவர்கள் திருத்தியதையும் புரட்டாமல் "இல்லை" என்று சொல்ல யாருக்கும் வழியில்லை. புதுச்சேரிப் பாறையிலிருந்து ஃபோர்ப்ஸ் இந்திரன் பெயர் வைத்த இனம் இன்றைக்கு சூடோஃபிலைட்டிஸ் இந்திரா. அது ஜப்பானிலும் தென்னாப்பிரிக்காவிலும் கனடாவின் மேற்குக் கரையிலும் கிடைத்திருக்கிறது. ஆகவே உள்ளூர்ப் பட்டியல் மட்டும் போதாது. ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானியக் கட்டுரைகளும் வேண்டும்.

அது போகட்டும். பட்டியலையெல்லாம் பார்த்தபிறகும் வேறாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் புது இனம் இல்லை, ஏனென்றால் வேறாகத் தெரிய வேறு காரணங்கள் நிறைய உண்டு. ஒரே பிராணி குட்டியாக இருக்கும்போது வழுவழுப்பாக, நடுவயதில் விலா வரிகளோடு (ஓட்டின்மேல் விலா எலும்பு மாதிரி புடைத்து ஓடுபவை), முதிர்ந்தபின் மறுபடி வழுவழுப்பாக இருக்கலாம். ஒரு சிறு துண்டை வைத்துக்கொண்டு எந்த வயது என்று தெரியாமல் பேசக்கூடாது. ஆண் பெண் வேறுபாடும் உண்டு. ஒன்று பெரிசு, இன்னொன்று அதில் பாதியோ கால்வாசியோ, வாய் விளிம்பில் நீட்சி வேறு இருக்கும். ஒரே இனத்தின் இருபாலையும் தனித்தனி இனம், சில சமயம் தனித்தனிப் பேரினம் என்றே எழுதி வைத்திருந்தார்கள். 1962-ல் மகோவ்ஸ்கியும் 1963-ல் காலமனும் தனித்தனியாக இதை நிறுவியபிறகுதான் பலரும் ஒப்புக்கொண்டார்கள்.

இதைவிடப் பெரிய பொறி, ஓர் இனத்துக்குள்ளேயே இருக்கிற விரிவு. அமெரிக்காவின் மௌரி ஷேல் பாறையில் நியோகேஸ்ட்ரோப்ளைட்டிஸ் என்றொரு பேரினம். ரீசைடும் காபனும் 1960-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஒரே பாறை உருண்டைக்குள் ஒன்றாகக் கிடந்தவற்றில் ஒரு முனையில் மெலிந்து வழுவழுப்பானது, இன்னொரு முனையில் குண்டாக முள் முள்ளாக நிற்பது, நடுவில் எல்லாப் படிநிலையும். முனையில் இருக்கும் இரண்டை மட்டும் கையில் கொடுத்தால் நானும் இரண்டு இனம் என்றுதான் சொல்வேன். குண்டாக இருந்தால் வரிகளும் தடிப்பாக இருக்கும், மெலிந்திருந்தால் வரிகளும் மெல்லிசு. பக்மன் விதி என்று இதற்குப் பெயர். வேடிக்கை என்னவென்றால், அந்த பக்மனே இங்கிலாந்து அம்மோனைட்டுகளுக்கு நூற்றுக்கணக்கில் புதுப் பெயர் சூட்டியவர். அதைச் சுத்தம் செய்யும் வேலை பின்னால் வந்தவர்கள் தலையில் விழுந்தது.

இன்னும் இருக்கிறது. களிப்பாறை அழுத்தத்தில் வட்டம் நீள்வட்டமாகிவிடும், "முட்டை வடிவப் புது இனம்" என்று கொண்டு வருவார்கள். உயிரோடு இருந்தபோது நண்டு கடித்து ஆறிய ஓட்டில் வரிகள் கோணலாகப் போகும். ஓடு கரைந்து உள்ளச்சு (ஓட்டுக்குள் நிரம்பிக் கல்லான மண்) மட்டும் நின்றால் வரிகளின் கூர்மையே போய்விடும். உங்கள் கிரைண்டரும் ஒரு காரணம். உள்ளறைத் தடுப்புகள் ஓட்டைத் தொடும் இடத்தில் நெளிந்து நெளிந்து ஓடும் கோடுதான் எங்களுக்கு முக்கிய அடையாளம், அதைத் தையல்கோடு என்போம். மேலே அரைக்க அரைக்க அந்த நெளிவு குறைந்து எளிய கோடாக மாறிவிடும். அதாவது பாலிஷ் போட்டே நீங்கள் ஒரு "புது இனம்" தயாரித்திருக்கிறீர்கள்.

2020-ல் பெரம்பலூர் குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்தது என்று வாட்ஸ்அப்பில் ஓடியது ஞாபகம் இருக்கும். அம்மோனைட்டும் உருண்டைப் பாறைகளும்தான் அவை. அந்த மெசேஜை எனக்கு அனுப்பாத உறவினர் இல்லை.

பிறகு எதைத்தான் புது இனம் என்பீர்கள் என்று கேட்கலாம். ஒரே பாறை அடுக்கிலிருந்து பல மாதிரிகள் வேண்டும். விட்டம், சுற்றின் உயரம், தடிமன், நடுக்குழியின் அகலம் என்று அளந்து விகிதம் பார்ப்போம். அரைச் சுற்றில் எத்தனை விலா வரி என்று எண்ணுவோம். கடைசித் தடுப்புகள் நெருங்கி வந்திருந்தால் முதிர்ந்தது என்று கொள்வோம். அம்மோனியம் குளோரைடு புகை பிடித்து மேலே வெண்படலம் ஏற்றிப் படம் எடுப்போம், நிறம் மறைந்து வடிவம் மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காக. கொல்கத்தாவிலும் லண்டனிலும் இருக்கும் மூல மாதிரிகளோடு, அதாவது எந்தக் கல்லை வைத்து முதலில் பெயர் சூட்டினார்களோ அதனோடு, ஒப்பிடுவோம். இதையெல்லாம் தாண்டியும் இடைவெளி நிரம்பாமல் நின்றால்தான் எழுத உட்காருவோம். பெரும்பாலானவை நடுவழியிலேயே பழைய பெயருக்குத் திரும்பிவிடும், அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

இவ்வளவு கறார் எதற்கு? பாறையின் வயதை அம்மோனைட்டை வைத்துத்தான் சொல்கிறோம். ஒரு தவறான பெயர் உள்ளே புகுந்தால் காரைப் பாறையையும் மடகாஸ்கர் பாறையையும் தவறாக இணைத்துவிடுவோம்.

பெயர் விஷயம். நம் ஊரில் ஒரே தெருவில் நாலு முத்தையா இருப்பார்கள், விலாசத்தை முன்னால் போட்டால்தான் எந்த முத்தையா என்று தெரியும். பேரினப் பெயர் விலாசம், சிற்றினப் பெயர் ஆள் பெயர். வேறு விலாசத்தில் அதே பெயர் இருக்கலாம். ஆனால் ஐயா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கம் இங்கே செல்லாது. ஒரே பேரினத்துக்குள் அதே பெயர் இரண்டு முறை வரக்கூடாது, முந்தி வெளியானதுதான் நிற்கும். 1758 முதல் வெளியான எல்லா விலங்குப் பெயர்களுக்கும் இந்தக் கணக்கு உண்டு. 1999-க்குப் பின் வரும் பெயருக்கு மூல மாதிரி எது, அது எந்தத் தொகுப்பில் வைக்கப்படும் என்று கட்டுரையிலேயே சொல்லியாக வேண்டும். உங்கள் பூஜை அறையையோ ஷோகேஸையோ அதில் எழுதினால் ஆய்விதழ்கள் பெரும்பாலும் ஏற்காது. ஃபேஸ்புக்கில் பெயர் போட்டால் அது வெளியீடும் ஆகாது.

கல் கையில் இருக்கிறதா? தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீர்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் கிட்டேயே கொண்டு போகாதீர்கள், ஓடு சுண்ணாம்பு, பொங்கிக் கரைந்து போகும். எண்ணெய், வார்னிஷ், ஃபெவிகால் எதுவும் வேண்டாம். உடைந்த துண்டு, ஒட்டியிருந்த மண், எதிர்ப்பக்க அச்சு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள், நமக்குக் குப்பையாகத் தெரிகிற அந்த மண்ணில் நுண்ணுயிர் ஓடுகள் இருக்கும், வயது சொல்ல அதுவும் உதவும். பாறையில் பதிந்திருப்பதைக் கண்டால் பெயர்க்காதீர்கள். ஸ்கேல் ஒன்றைப் பக்கத்தில் வைத்து மேலிருந்தும் பக்கவாட்டிலும் முதுகுப்புறமும் படம் எடுங்கள், போனிலேயே இடத்தின் லொக்கேஷனைச் சேமியுங்கள். ஓடையில் உருண்டு கிடந்ததா, அடுக்கில் பதிந்து கிடந்ததா என்று ஒரு வரி எழுதுங்கள். காரைப் பள்ளங்களில் ஒரு கோடி ஆண்டுக் கணக்கு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மழை எல்லாவற்றையும் ஒரே ஓடையில் கலந்து போட்டுவிடும். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் உங்கள் கல் அழகான கல், அதோடு சரி.

தயவுசெய்து மூட்டை மூட்டையாக அள்ளி வராதீர்கள். அரியலூர் பக்கத்து வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள்.

பரணில் கிடைத்தது என்றால் வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள். ஐயா யாரோடு எந்த ஊருக்குப் போனார், சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த சொந்தம் யாராவது உண்டா என்று அப்பத்தாவுக்குத் தெரிந்திருக்கும். கல்லைச் சுற்றியிருந்த பழைய செய்தித்தாள், டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டு, உள்ளே கிடந்த பஸ் டிக்கெட் எதையும் எறியாமல் அப்படியே கொண்டு வாருங்கள். தேவகோட்டைக்காரரிடமும் இதைத்தான் கேட்டேன். டப்பாவைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டாராம்.