"புரட்டப்பட்ட வகுப்பறை"யும் வேணாம், "தலைகீழ் வகுப்பறை"யும் வேணாம்

போன வாரம் ஒரு ஆசிரியர் பயிற்சியில மறுபடியும் அதே ஸ்லைடு. ஃபிளிப்டு கிளாஸ்ரூம்னா "புரட்டப்பட்ட வகுப்பறை"யாம். கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு, அதான் எழுதுறேன்.

விஷயம் சின்னதுதான். அமெரிக்காவுல கொலராடோ மாநிலம் உட்லேண்ட் பார்க்ல ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ்னு ரெண்டு கெமிஸ்ட்ரி வாத்தியாருங்க 2007-ல பாடத்தை வீடியோவா எடுத்து வச்சாங்க, பசங்க அதை வீட்லயே பார்த்துட்டு வந்துடணும், வீட்டுப்பாடமா குடுக்குற கணக்கை வாத்தியார் பக்கத்துல இருக்கும்போதே கிளாஸ்ல போடணும். ஃபிளிப்னா சட்டுனு திருப்பிப் போடுறது. அவ்ளோதான் கதை.

இப்ப தமிழுக்கு வாங்க. புத்தகத்தோட பக்கத்தைப் புரட்டலாம், சரி. ஆனா "புரட்டு"ன்னு தனியா சொன்னா நம்ம காதுல "பொய்யும் புரட்டும்"தானே விழுது? அதுவும் "புரட்டப்பட்ட"! சுட்ட பழம்னு சொல்றோம், சுடப்பட்ட பழம்னு எந்தப் பாட்டியாவது சொல்லிருக்காங்களா? இங்கிலீஷ் வாக்கியத்துக்கு வேட்டி கட்டி விட்டா அது தமிழாகிடாது.

இன்னொரு கோஷ்டி "தலைகீழ் வகுப்பறை"ங்குது. 2000-லயே ஓஹியோவுல மயாமி பல்கலைக்கழகத்துப் பொருளாதார ஆசிரியருங்க இதே மாதிரி ஒரு முறையை "இன்வெர்ட்"னு சொல்லி எழுதிருக்காங்க, அதனால தலைகீழ்தான் சரின்னு வாதம். அங்க சரி, இங்க? நம்மூர்ல தலைகீழ்ப் பாடம்னா என்ன? கடைசியிலேர்ந்து கேட்டாலும் தடுமாறாம ஒப்பிக்கிற அளவுக்கு மனப்பாடம் பண்றது! எந்த மனப்பாடத்துலேர்ந்து பசங்களை வெளிய கொண்டுவரணும்னு இந்த முறை வந்துச்சோ, அதையே பேரா வச்சா எப்படிங்க? போதாததுக்கு "எல்லாம் தலைகீழா போச்சு"ன்னா நமக்கு நாசமாப் போச்சுன்னுதான் அர்த்தம். அதோட அறை எங்க மாறுச்சு? பெஞ்சு, போர்டு எல்லாம் இருந்த இடத்துலயேதான் இருக்கு, மாறுனது பாடம் நடக்குற வரிசை.

அதனால நான் சொல்றது "முன்கற்றல் வகுப்பு". ஃபிளிப்ல இருக்குற அந்தத் திருப்பம் இதுல வரலியேன்னு ஒரு நண்பர் கேட்டாரு. வரவேணாம். உருவகம் அவங்களோடது, நமக்கு வேண்டியது காரியம். "நாளைக்கு முன்கற்றல் வகுப்பு"ன்னு டைரியில எழுதி அனுப்புனா புள்ள எதையோ படிச்சுட்டுப் போகணும்னு அம்மாவுக்குப் புரியும், "புரட்டப்பட்ட"ன்னு எழுதுனா என்ன புரியும்?

மொழிபெயர்க்கிறவங்க யாரும் வாயால ஒருதடவை சொல்லிப் பாக்கறதே இல்ல போல. ஸ்டூடன்ட் சென்டர்டு லேர்னிங்குக்கு "மாணவர் மையக் கற்றல்"னு ஒண்ணு. மையம்னா நம்ம ஊர்ல சத்துணவு மையம், தேர்வு மையம், ஒரு கட்டடம். "மாணவர்வழிக் கற்றல்"னு சொல்ல என்ன தடை, செயல்வழிக் கற்றல்னு ஏற்கனவே அழகா சொல்லிப் பழகினவங்கதானே நாம?

2018-லேர்ந்து நம்ம பாடப்புத்தகத்துல கியூஆர் கோடு வருது, ஸ்கேன் பண்ணா வீடியோ ஓடும், முன்கற்றலுக்குத் தோதானதுதான். ஆனா வீட்ல இருக்குற ஒரே போன் அப்பாவோட வேலைக்குப் போயிடுற புள்ளைக்கு ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக் குடுங்க, அதைப் படிச்சுட்டு வந்தாலும் அது முன்கற்றல்தான்.