கன்னர்ஸ்: துப்பாக்கி வீரர்களா, பீரங்கியரா?

‘கன்னர்ஸ்’ என்ற செல்லப்பெயர் கொண்ட லண்டன் கால்பந்து அணி ஆர்சனல். அது ஜெயித்துவிட்டால் போதும், மறுநாள் விளையாட்டுச் செய்தியில் ‘துப்பாக்கி வீரர்கள்’ வந்துவிடுகிறார்கள். கோல் அடித்தால் ‘சுட்டார்கள்’, தோற்றால் ‘தோட்டா தீர்ந்தது’. எத்தனை தடவைதான் பொறுப்பது? அந்த அணியின் சின்னத்தில் இருப்பது சக்கரம் வைத்த பீரங்கி. சட்டையின் நெஞ்சிலேயே குத்தியிருக்கிறார்கள், பார்த்தால் தெரியும்.

‘கன்’ என்ற சொல், குன்ஹில்ட் என்ற பழைய ஸ்காண்டிநேவிய (நோர்ஸ்) பெண்பெயரிலிருந்து வந்தது என்பது பல அகராதிகள் ஏற்கும் கருத்து. 14ஆம் நூற்றாண்டில் வின்ட்சர் கோட்டையில் இருந்த பெரிய எறிபொறி ஒன்றுக்கு அந்தப் பெயரை வைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் பிற்பாடு சின்னது, பெரியது எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. நம்மிடம் துப்பாக்கி வேறு, பீரங்கி வேறு. எது என்று பார்த்துத்தான் போட வேண்டும்.

இங்கே எது என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. 1886இல் லண்டனின் தென்கிழக்கே வூலிச்சில், ராயல் ஆர்சனல் படைக்கலத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கிய அணி இது. முதல் பெயர் டயல் ஸ்கொயர். அதுவும் அந்த ஆலைக்குள் இருந்த ஒரு பட்டறையின் பெயர்தான். அதே வூலிச்சில் 1716இல் பிரிட்டிஷ் பீரங்கிப்படை உருவானது. அதன் கடைநிலைச் சிப்பாய்க்கு இன்றும் ‘கன்னர்’ என்றே பதவிப்பெயர். துப்பாக்கி தூக்கும் காலாட்படைச் சிப்பாய்க்கு அந்தப் பெயர் கிடையாது. அணியின் முதல் சின்னத்தில் மூன்று பீரங்கிகள் செங்குத்தாக நின்றன, வூலிச் ஊர்ச் சின்னத்திலிருந்து எடுத்தவை. 1913இல் வட லண்டனின் ஹைபரிக்குப் போனார்கள், ‘வூலிச் ஆர்சனல்’ என்றிருந்த பெயரிலிருந்து வூலிச்சை உதிர்த்தார்கள், 2006இல் எமிரேட்ஸ் மைதானத்துக்கும் மாறினார்கள். பீரங்கி மூன்று ஒன்றானது, வாய் ஒரு காலம் மேற்கே, ஒரு காலம் கிழக்கே திரும்பியது. துப்பாக்கியாக மட்டும் மாறவே இல்லை.

எனவே ‘பீரங்கியர்’ என்பதே சரி. ‘பீரங்கி தமிழா?’ என்று தனித்தமிழ் நண்பர்கள் கிளம்புவார்கள். இல்லைதான், அது ஐரோப்பியரைக் குறிக்கும் ‘பறங்கி’க்கு உறவுக்காரச் சொல். துப்பாக்கி மட்டும் என்ன, அதுவும் துருக்கியிலிருந்து வந்ததுதானே? ‘வெடிகுழலர்’ என்கிறார்கள் சிலர். வெடிகுழல் என்றாலும் படிப்பவர் மனதில் எழுவது துப்பாக்கிதான். அதே தவறுக்குத் தூய தமிழில் ஒரு சட்டை. தலைப்பில் இடமில்லை என்ற சாக்கும் செல்லாது. துப்பாக்கி வீரர்களுக்கு 10 எழுத்து, பீரங்கியருக்கு 6.

ரசிகர்கள் கதை இன்னும் வேடிக்கை. ‘கன்னர்’ என்பதைத் திரித்துத் தங்களைக் ‘கூனர்’ என்று செல்லமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அதை அப்படியே தமிழில் எழுதினால் முதுகு வளைந்துவிடும். 2003-04 பருவத்தில் 38 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காத அணியின் ரசிகர்களைப் பார்த்துச் சொல்லும் சொல்லா அது? ‘ஆர்சனல் ரசிகர்கள்’ என்று எழுதிவிட்டுப் போகலாமே.

நம் மொழிபெயர்ப்பாளர்களின் வழக்கமே இது. அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது. ‘ஹாமர்ஸ்’ எனப்படும் வெஸ்ட் ஹாம் அணியை ‘சுத்தியல்கள்’ என்கிறார்கள். தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் என்ற கப்பல் கட்டும் நிறுவனத்தின் தொழிலாளர் அணியாக 1895இல் பிறந்தது அது. சின்னத்தில் இருப்பவை இரும்புத் தகட்டில் தறையாணி அடிக்கும் சுத்தியல்கள். கருவியைச் சரியாகப் பிடித்தவர்கள் ஆளை விட்டுவிட்டார்கள். ஆடுவது சுத்தியலா, சுத்தியல்காரரா?