அலங்கார முட்டைகோஸ்: காய்க்குப் பழகிய கை பூவைக் கெடுக்கும் இடங்கள்

கொடைக்கானல் மலையில் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் முட்டைகோஸ் நட்டுப் பழகியவர்களுக்கு அலங்கார முட்டைகோஸ் எளிதாகத்தான் தெரியும். நாற்றும் அதேபோல, புழுவும் அதேதான். ஆனால் பயிர் கெடுவதும் அந்தப் பழக்கத்தால்தான். காய்க்கு இடம் விட்டு நட்டு, தழைச்சத்து கொடுத்துத் தலையைப் பெருக்க வைக்கிறோம். கொய்மலருக்கு, அதாவது ஜாடியில் வைக்க வெட்டும் பூவுக்கு, வேண்டியது 60 செ.மீ. நீளத் தண்டும், அதன் நுனியில் உள்ளங்கை அகலத்துக்கு ரோஜாபோல் விரிந்த தலையும்.

முதலில் விதை. தொட்டிக்கான குட்டை ரகத்தை எவ்வளவு நெருக்கி நட்டாலும் தண்டு நீளாது. 'கிரேன்' வரிசை போன்ற உயரமான கொய்மலர் ரகமா என்று கேட்டு வாங்குங்கள்.

கார்னேஷன் பூச்செடிக்குக் கட்டும் 15 செ.மீ. கண் வலையைப் பாத்தியின் மேல் விரித்து, கண்ணுக்கு ஒரு நாற்று நடுங்கள். சதுர மீட்டருக்கு 44 செடி வரும். "இத்தனை நெருக்கமா?" என்று மனம் பதறும்; பதறினாலும் இடைவெளியைக் கூட்டாதீர்கள். ஒன்றோடொன்று போட்டிபோட்டு வெளிச்சம் தேடுவதால்தான் தண்டு நீள்கிறது, தலை சிறுக்கிறது. செடி உயர உயர வலையையும் ஏற்றுங்கள். சாய்ந்த செடியின் நுனி மறுபடி மேல்நோக்கி வளைந்துவிடும். வளைந்த தண்டு விலை போகாது.

செடி ஒரு முழம் வந்ததும் அடியிலைகளைக் கிள்ளத் தொடங்குங்கள். பத்து நாளுக்கு ஒரு முறை, மேலே எட்டுப் பத்து இலை மட்டும் நிற்கும்படி. கீழ்நோக்கி இழுத்தால் பட்டை உரியும்; பக்கவாட்டில் ஒடியுங்கள். மூடுபனியில், ஈர இலையில் கை வைக்கவே கூடாது. கருப்பு அழுகல் நோயின் பாக்டீரியா ஈரத்தோடு அந்தக் காயத்தில் இறங்கும். மருந்து அடித்த வயலில் கிள்ளிய இலையை மாட்டுக்கோ அடுப்படிக்கோ கொண்டுபோகாதீர்கள்.

நாம் பூ என்பது உண்மையில் இலை. இரவுக் குளிர் சுமார் 13 டிகிரிக்குக் கீழே சில வாரம் தொடர்ந்தால் நடு இலைகளில் பச்சையம் குறையும், சிவப்பு ரகங்களில் அந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி ஏறும். ஜூலைக் கடைசியில் விதைத்து, ஆகஸ்ட் கடைசியில் நட்டால், டிசம்பர் குளிர் வரும்போது தண்டு தயாராக இருக்கும். நிறம் ஏறவேண்டிய நாளுக்கு ஒரு மாதம் முன்பே தழைச்சத்தை நிறுத்திவிடுங்கள். அப்போதும் யூரியா போட்டால் தலை பச்சையாகவே நிற்கும். வெட்டாமல் நாள் கடத்தி வயலிலேயே விட்டால் நடுவில் தண்டு எழும்பிக் கடுகுப்பூ போல மஞ்சளாகப் பூக்கும்; அதோடு விலை போச்சு.

வேர் வீக்க நோய்தான் பெரிய பயம். மதியத்தில் வாடிய செடியைப் பிடுங்கினால் வேர் கிழங்குபோல் பருத்திருக்கும். இதன் வித்துகள் மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். நாற்று மண்ணிலும் மண்வெட்டியிலும் செருப்பிலும் ஒட்டிப் பரவும். அமில மண்ணில் கொடுமை அதிகம். மண் பரிசோதனைப்படி சுண்ணாம்பு இட்டு, அந்த வயலில் இதே குடும்பத்து முள்ளங்கி, காலிஃபிளவர், நூல்கோல் எதையும் நடாமல் பூண்டு, பீன்ஸ், உருளை என்று மாற்றுங்கள்.

வைரமுதுகு அந்துப்பூச்சிக்கு ஓரத்தில் கடுகு விதையுங்கள், தாய்ப்பூச்சி அதில் முட்டையிடும். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் புழு அதற்குப் பழகிவிடும். காய்க்கோசில் புழு ஓட்டையிட்ட வெளியிலையை உரித்துப் போடலாம். இங்கே அந்த இலைதான் சரக்கு.

உறைபனி உருகியபின் வெட்டி, உடனே தண்ணீரில் நிறுத்துங்கள். இந்தக் குடும்பத்துக்கே உரிய கந்தக வாடை தண்ணீரில் இறங்கும் என்பதால், இரண்டு நாளுக்கு ஒரு முறை நீர் மாற்றி, தண்டடியை 2 செ.மீ. வெட்டச் சொல்லி வாங்குபவரிடம் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் ஜாடியில் இரண்டு வாரம் நிற்கும். தாண்டிக்குடிப் பக்கம் மலைவாழைத் தார் ஏற்றும் வண்டியில் மட்டும் இதை ஏற்றாதீர்கள். பழுக்கும் வாழை விடும் எத்திலீன் வாயுவால் இலை மஞ்சளாகும்.