செயல்ல காணாமப் போனாரா, போர்ல காணாமப் போனாரா?

பழைய போர் பத்தின ஒரு டாக்குமெண்டரிய தமிழ் சப்டைட்டிலோட பாத்துட்டிருந்தேன். வயசான ஒரு அம்மா அண்ணனோட போட்டோவ மடியில வெச்சுக்கிட்டு பேசறாங்க, கீழ எழுத்து ஓடுது: "என் அண்ணன் செயலில் காணாமல் போனார்". இங்கிலீஷ்ல 'மிஸ்ஸிங் இன் ஆக்‌ஷன்'னு சொல்றத அப்படியே வார்த்தைக்கு வார்த்தை மாத்தியிருக்காங்க. எந்தச் செயல்ல? இன்னொரு இடத்துல "நடவடிக்கையில் காணவில்லை"ன்னு பாத்திருக்கேன், ஆபீஸ்ல ஃபைல் தொலைஞ்ச மாதிரி.

ஆக்‌ஷன்ங்கறது லத்தீன்ல 'செய், நடத்து'ங்கற வேர்லேருந்து வந்தது, சரி. ஆனா பட்டாளத்துப் பேச்சுல பல நூறு வருஷமா அதுக்கு சண்டைன்னுதான் பொருள். சண்டை ஓஞ்சு தலை எண்ணும்போது ஆள் இல்ல, உடலும் கிடைக்கல, எதிரிகிட்ட பிடிபட்டதாவும் தகவல் இல்லன்னா அப்பத்தான் 'மிஸ்ஸிங் இன் ஆக்‌ஷன்', சுருக்கமா எம்ஐஏ.

நண்பர் ஒருத்தர் 'மாயமானோர்'னு வைங்க, ஒரே சொல்லா முடியுதுங்கறார். எனக்கு இதுதான் பெரிய எரிச்சல். மாயம்னா பொய், வஞ்சனை, ஜாலம். நியூஸ்ல "நகை மாயம், காசாளர் மாயம்"னு போட்டுப் போட்டு அந்தச் சொல்லுல ஒரு திருட்டு வாடையே ஏறிப்போச்சு, அதக் கொண்டுபோய் சிப்பாய்க்கு வெச்சா படிக்கறவங்க மனசுல ஓடிப்போனவன்னுதான் விழும், ராணுவத்துல ஓடிப்போறதுங்கறது தனிக் குற்றம், அதுக்குப் பேரே வேற. 'தொலைந்தோர்' அதவிட மோசம், சாவி தொலையும் குடை தொலையும், "தொலைஞ்சு போ"ன்னு திட்டவும் செய்வோம். 'வீரமரணம்'னு எழுதறவங்களும் இருக்காங்க, மரியாதையாத்தான் இருக்கு, ஆனா செத்துட்டார்னு யார் முடிவு பண்ணது? அந்த முடிவு தெரியாம வீட்ல காத்துக்கிட்டு இருக்கறதுதானே இந்தச் சொல்லோட முழு கனமும்.

'காணாமல்'ல அந்தத் தப்பு இல்ல. அவருக்கு என்ன ஆச்சுன்னு அது சொல்றதே இல்ல, நம்ம கண்ணுக்குத் தெரியலன்னு மட்டும் சொல்லுது. 'காணாமலாக்கப்பட்டோர்' வேற, அதுல யாரோ பிடிச்சுட்டுப் போயி மறைச்சிருக்காங்கன்னு அர்த்தம், ரெண்டையும் குழப்பக் கூடாது.

முதல்ல நானும் 'களத்தில் காணாமற்போனோர்'னுதான் எழுதிட்டிருந்தேன், களம்னா காதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா அமெரிக்காக்காரங்க கணக்குல இரண்டாம் உலகப்போர்லேருந்து இன்னும் கண்டுபிடிக்காதவங்க 80,000 பேருக்கு மேல, அதுல சுமார் 41,000 பேர் கப்பலோடவும் விமானத்தோடவும் கடல்ல போனவங்கன்னு கருதறாங்க. கடல்ல எங்கயா களம்? அதனால 'போரில் காணாமற்போனோர்', தரை கடல் வானம் எல்லாத்துக்கும் பொருந்தும், பாட்டிக்கும் புரியும்.

அமெரிக்கால செப்டம்பர் மூணாவது வெள்ளிக்கிழமை இவங்களையும் போர்க்கைதிகளையும் நினைக்கற நாள். இவங்க நினைவா ஒரு மேசையும் போட்டு வெப்பாங்க, 'மிஸ்ஸிங் மேன் டேபிள்'னு பேரு: சின்ன மேசை ஒண்ணு, வெள்ளைத் துணி, ஒத்த ரோஜா, தட்டுல ஒரு எலுமிச்சைத் துண்டும் கொஞ்சம் உப்பும், கவுத்து வெச்ச டம்ளர், பக்கத்துல காலி நாற்காலி. அந்த டாக்குமெண்டரில இதுக்குப் போட்டது "காணாமல் போன மனித மேசை". மேசையே காணாமப் போன மாதிரி! 'வராதவருக்கான மேசை'ன்னு எழுத எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? அகராதில முதல்ல இருக்கற பொருள எடுத்து ஒட்டிட்டு அடுத்த வரிக்குப் போயிடறாங்க, எழுதினத ஒரு தடவ வாய்விட்டு வாசிச்சுப் பாக்கறதில்ல.

இவங்களுக்குன்னு ஒரு கருப்புக் கொடியும் இருக்கு, அதுல தலை குனிஞ்ச ஒரு உருவம், பின்னால காவல் கோபுரம், கீழ ஒரு வரி. அதுக்கும் "நீங்கள் மறக்கப்படவில்லை"யாம். தமிழ்ல யாராவது அப்படிப் பேசுவாங்களா? "உங்கள மறக்கல", அவ்வளவுதான்.