கியர் பாக்ஸைப் பிரிக்கும் முன், ஜெர்க் எப்போது வருகிறது என்று பாருங்கள்

"பிக்கப் வண்டி வெட்டி வெட்டி இழுக்குது, கியர் பாக்ஸ் போயிடுச்சு போல." பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் முடிவையும் கையோடு எடுத்துக்கொண்டே வருகிறார்கள். அதைக் கேட்டதும் கியர் பாக்ஸை இறக்கிவிடுகிற மெக்கானிக்குகளும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜெர்க் எந்த நேரத்தில் வருகிறது என்று தெரிந்துகொண்டாலே சந்தேகப்பட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடும். அதைச் சொல்ல வேண்டியவர் வண்டியை ஓட்டுகிறவர்தான்.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதோ, நின்ற மறுகணமோ பின்னாலிருந்து யாரோ இடித்த மாதிரி 'டொக்' என்று வருகிறதா? முதலில் வண்டிக்கு அடியில் பாருங்கள். கியர் பாக்ஸின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டுதான் புரொப்பல்லர் ஷாஃப்ட். பிக்கப்பில் அது நீளமானது. அது வளைந்து சுழல உதவும் மூட்டான யூனிவர்சல் ஜாயிண்ட் தேய்ந்திருந்தாலும், முன்னும் பின்னும் நகர வேண்டிய இணைப்பான ஸ்லிப் யோக்கின் பற்களில் கிரீஸ் காய்ந்திருந்தாலும் இந்த இடி வரும். ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்தால் நடுவில் சென்டர் பேரிங் இருக்கும். அதன் ரப்பர் கிழிந்திருந்தால், பாரம் ஏற்றிக் கிளம்பும்போது வண்டி அதிரும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இன்ஜினை நிறுத்திவிட்டு, ஷாஃப்டைக் கையால் திருகிப் பார்த்தாலே ஆட்டம் தெரிந்துவிடும். இன்ஜினையும் கியர் பாக்ஸையும் தாங்கும் மவுண்ட்கள் இரண்டையும் அப்போதே பார்த்துவிடலாம்.

திருப்பங்களில் மட்டும் வண்டி பிடித்துப் பிடித்து விட்டால், ஃபோர் வீல் டிரைவ் போட்டபடியே காய்ந்த தார் ரோட்டில் ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள்.

என்னிடம் வரும் ஆட்டோமேட்டிக் வண்டிகளில் அதிகம் குழப்புவது வேறொன்று. மிதமான வேகத்தில், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி சீராகப் போகும்போது, கரடுமுரடான ரோட்டில் ஓடுவது போல ஒரு நடுக்கம் சில நொடிகள் வந்து போகும். இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வெர்டர். அந்த வேகத்தில் அதற்குள் இருக்கும் லாக்கப் கிளட்ச் பிடித்து, இன்ஜினையும் கியர் பாக்ஸையும் நேராக இணைக்கிறது. அது சரியாகப் பிடிக்காமல் வழுக்கி வழுக்கிப் பிடித்தால் நடுக்கம் வரும். நடுக்கத்தின்போது, பின்னால் வண்டி வராத நேராய் இருக்கும் காலி ரோட்டில், ஆக்சிலரேட்டரை விடாமல் பிரேக்கை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொட்டால் லாக்கப் விடுபடும். நடுக்கம் உடனே நின்றால் சந்தேகம் லாக்கப் பக்கம் திரும்பும்.

ஆனால் அதை வைத்தே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். இன்ஜினில் மிஸ்ஸிங் (ஏதாவது ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது) இருந்தாலும், லாக்கப் பிடித்திருக்கும்போது அந்த உதறல் நேராகச் சக்கரம் வரை போகும். லாக்கப் விடுபட்டதும் நடுவில் இருக்கும் ஆயில் அதை மறைத்துவிடும். பிளக், இக்னிஷன் காயில், இன்ஜெக்டர் இவற்றில் ஒன்றின் கோளாறு கியர் பாக்ஸ் கோளாறாகத் தோன்றுவது இப்படித்தான். ஸ்கேனரில் P0300, P0301 போன்ற மிஸ்ஸிங்கைக் காட்டும் கோளாறு எண்கள் இருந்தால் முதலில் இன்ஜினைச் சரிசெய்யுங்கள். P0741 வந்தால் லாக்கப் பக்கம் பாருங்கள். கோளாறு எண்ணே இல்லாவிட்டாலும் வண்டி ஓடும்போதே ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டரின் மிஸ்ஸிங் எண்ணிக்கையையும், கன்வெர்டரின் ஸ்லிப் (வழுக்கும்) அளவையும் பார்க்கலாம். நடுங்கும்போது ஸ்லிப் ஏறி இறங்கினால் குற்றவாளி லாக்கப். ஸ்லிப் அசையாமல் மிஸ்ஸிங் எண்ணிக்கை ஏறினால் இன்ஜின். இதைச் செய்யாமல் கன்வெர்டரை மாற்றிவிட்டு, அதே நடுக்கத்தோடு திரும்பி வரும் வண்டிகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.

லாக்கப்தான் என்றாலும் முதல் வைத்தியம் கியர் பாக்ஸ் ஆயில். கிளட்ச் எப்படி வழுக்க வேண்டும், எப்படிப் பிடிக்க வேண்டும் என்பதை ஆயிலில் கலந்திருக்கும் சேர்மானங்களே தீர்மானிக்கின்றன. சூட்டிலும், பாரம் இழுத்தும் அவை கெட்டுப்போகும். 'எல்லா வண்டிக்கும் ஆகும்' என்று விற்கும் ஆயிலை ஊற்றாதீர்கள். ஓனர் புத்தகத்தில் எந்தத் தரம் போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். டிரெயின் போல்ட்டைத் திறந்தால் எல்லா ஆயிலும் வராது. கன்வெர்டருக்குள் நிறையத் தங்கிவிடும். ஆகவே ஒருமுறை மாற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடியும் மாற்ற வேண்டிவரலாம்.

ஆயில் அளவு பார்ப்பதிலும் தவறு நடக்கிறது. அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக் உள்ள பெரும்பாலான வண்டிகளில், சமதளத்தில், சூடேறிய பிறகு, இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக் இல்லாதவற்றில் ஆயில் குறிப்பிட்ட வெப்பநிலையில் இருக்கும்போது, அளவு பார்க்கும் பிளக்கைத் திறந்து பார்க்க வேண்டும். குறைந்தாலும் ஜெர்க் வரும், அதிகமாகி நுரைத்தாலும் வரும். கருகிய வாடை அடித்தால் கிளட்ச் பிளேட் எரிந்திருக்கலாம். ஸ்ட்ராபெர்ரி பால் போல வெளிறிய நிறம் தெரிந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்துவிட்டது. அதற்குமேல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யக்கூடாது. கியர் பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் பானை (pan) கழற்றும்போது அதிலுள்ள காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருப்பது வழக்கமானது, பயப்பட வேண்டாம். பளபளக்கும் உலோகத் துணுக்குகள் இருந்தால் மட்டும் பிரித்துத்தான் ஆகவேண்டும்.

ஆட்டோமேட்டிக்கில் கியர் மாறும் கணத்தில் மட்டும் உதைத்தால் வால்வ் பாடி (ஆயிலைத் திருப்பிவிட்டு கியர் மாற்றும் பாகம்), அதை மின்சாரத்தால் இயக்கும் சொலனாய்டு, வயரிங் கனெக்டர் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். இவற்றில் பலவற்றைப் பல வண்டிகளில் ஆயில் பானைக் கழற்றியே சரிசெய்துவிடலாம். வேலை முடிந்ததும் கம்ப்யூட்டர் பழைய தேய்மானத்துக்கு ஏற்பக் கற்றுவைத்திருந்த அளவுகளை அழித்து, புதிதாகக் கற்கவிட வேண்டும். அதுவரை சில நாள் கியர் கொஞ்சம் முரடாக மாறலாம்.

மேனுவல் வண்டியில் முதல் கியரில் கிளட்சை விடும்போது மட்டும் உதறினால் கியர் பாக்ஸுக்குள் போகவே வேண்டாம். கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டிருக்கிறதா, அது உரசும் சக்கரமான ஃப்ளைவீலில் சூட்டுத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு அறிகுறிக்கு மட்டும் காத்திருக்காதீர்கள். கியர் மாறும்போது இன்ஜின் வேகம் சட்டென்று ஏறி, வண்டி முன்னே போகாமல் தயங்கினால் உள்ளே கிளட்ச் வழுக்குகிறது. நெடுஞ்சாலையில் முந்தும்போது இழுவை போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. ஓரங்கட்டி ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள். பின்சக்கரம் இழுக்கும் ஆட்டோமேட்டிக் பிக்கப்பைப் பின்சக்கரம் தரையில் உருள இழுத்துப்போக விடாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது கியர் பாக்ஸின் ஆயில் பம்ப்பும் ஓடாது, உருளுகிற பாகங்கள் ஆயில் இல்லாமல் தேயும். முழு வண்டியையும் மேலே ஏற்றிக்கொண்டு போகும் பிளாட்பெட்டாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.