பணியிடம் மாறும், வேலைவழங்குநர் மாறுவதில்லை: பிரிட்டனில் குடும்ப மருத்துவப் பயிற்சியாளர்களுக்கான லீட் எம்ப்ளாயர் ஏற்பாடு

பிரிட்டனில் குடும்ப மருத்துவராக, அதாவது ஜி.பி.யாக, பயிற்சி பெறும் ஒருவருக்கு முழுநேரப் பயிற்சி என்பது மூன்று ஆண்டுகள். இங்கிலாந்தில் இப்போதைய பொதுவான அமைப்பின்படி அதில் 12 மாதங்கள் மருத்துவமனையிலும் 24 மாதங்கள் ஜி.பி. பிராக்டிஸ் எனப்படும் குடும்ப மருத்துவ நிலையத்திலும் கழிகின்றன. குழந்தைகள் நலப் பிரிவில் ஆறு மாதம், அவசர சிகிச்சைப் பிரிவில் ஆறு மாதம், அதன் பிறகு வேறோர் ஊரில் ஒரு பிராக்டிஸ், இன்னோர் ஊரில் மற்றொரு பிராக்டிஸ் என்று இடங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகஸ்ட் முதல் புதன்கிழமையும் பிப்ரவரி முதல் புதன்கிழமையும் பெரும்பாலானவர்களுக்கு இடம் மாறும் நாட்கள். அந்த நாளில் மருத்துவரின் இடம் மட்டும் மாற வேண்டுமா, அவருக்குச் சம்பளம் தருபவரும் சேர்ந்து மாற வேண்டுமா என்ற கேள்விக்கு விடையாக வந்ததுதான் லீட் எம்ப்ளாயர் என்னும் ஒற்றை வேலைவழங்குநர் ஏற்பாடு. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்று இந்தப் பயிற்சியில் சேரும் மருத்துவர்கள் பலர், கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் தாங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு டிரஸ்டின், அதாவது மருத்துவமனைகளை நடத்தும் பொது அமைப்பின், பெயரைப் பார்த்துத் திகைப்பதால், அந்தப் பெயர் அங்கே ஏன் இருக்கிறது, அதனால் கிடைக்கும் உரிமைகள் எவை என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஜி.பி. பிராக்டிஸ் என்பது என்.எச்.எஸ். என்னும் தேசிய சுகாதார சேவையின் அலுவலகம் என்றே வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் 1948-இல் என்.எச்.எஸ். தொடங்கிய நாளிலிருந்தே குடும்ப மருத்துவர்களில் பெரும்பாலோர் அதனோடு ஒப்பந்தம் செய்துகொண்டு சேவை தரும் சுயேச்சையான கூட்டாளிகள். ஆகவே மருத்துவமனையில் வேலை செய்யும் பயிற்சியாளர் என்.எச்.எஸ். டிரஸ்டின் ஊழியர், அவரே பிராக்டிஸுக்குப் போய் அங்கே நேரடியாகப் பணியில் சேர்ந்தால், நாலைந்து மருத்துவர்கள் கூட்டாக நடத்தும் ஒரு தனியார் நிறுவனத்தின் ஊழியர். பார்க்கும் வேலை என்.எச்.எஸ். வேலைதான், நோயாளிகளும் என்.எச்.எஸ். நோயாளிகள்தான், ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் வேலையை விட்டு வேறு வேலையில் சேர்ந்தவர்.

பயிற்சிக்காக மருத்துவர்கள் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருப்பார்கள் என்பதைச் சட்டம் கவனிக்காமல் இல்லை. 1996-ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டத்தின் 218-ஆம் பிரிவு, தொழிற்பயிற்சியின் பகுதியாக ஒரு சுகாதார சேவை வேலைவழங்குநரிடமிருந்து இன்னொருவரிடம் போகிறவரின் பணித்தொடர்ச்சி அறுபடாது என்று சொல்கிறது. ஆனால் அந்தப் பிரிவு ‘சுகாதார சேவை வேலைவழங்குநர்’ என்று பட்டியலிடும் அமைப்புகளில் டிரஸ்டுகள் உண்டு, ஜி.பி. பிராக்டிஸ் இல்லை. இதய மருத்துவத்திலோ அறுவை சிகிச்சையிலோ பயிற்சி பெறுகிறவருக்குக் கிடைத்த பாதுகாப்பு, பயிற்சியின் பெரும்பகுதியைப் பிராக்டிஸில் கழிக்க வேண்டிய குடும்ப மருத்துவருக்கு நழுவிப் போனது. இந்த ஏற்பாட்டின் மூல காரணம் இதுதான் என்பது என் கருத்து. காகித வேலையைக் குறைப்பதற்காகச் செய்த நிர்வாக வசதி என்று மட்டும் இதைப் பார்ப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் எடை புரியும். பிரிட்டனில் சட்டப்படியான மகப்பேறு ஊதியம் 39 வாரங்களுக்குக் கிடைக்கிறது. அதைப் பெற, பிரசவம் எதிர்பார்க்கப்படும் வாரத்துக்கு முந்தைய 15-ஆவது வாரத்தில் ஒரே வேலைவழங்குநரிடம் குறைந்தது 26 வாரங்கள் தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 6 அன்று பயிற்சியில் சேர்ந்த ஒரு பெண் மருத்துவர் ஆறு மாதம் மருத்துவமனையில் இருந்துவிட்டு, 2026 பிப்ரவரி 4 அன்று பிராக்டிஸுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் குழந்தை பிறக்க வேண்டிய வாரம் 2026 ஜூலை 5 அன்று தொடங்குகிறது. பதினைந்து வாரம் பின்னால் எண்ணினால் மார்ச் 22-இல் தொடங்கும் வாரம் வருகிறது. பிராக்டிஸ்தான் வேலைவழங்குநர் என்றால் அந்த வாரத்தில் அவர் அங்கே சேர்ந்து ஏழு வாரம்தான் ஆகியிருக்கும். சட்டத்தின் படிக்கட்டில் அவர் ஏற முடியாது. லீட் எம்ப்ளாயரிடம் இருந்தால் அதே நாளில் அவருடைய பணிக்காலம் 32 வாரங்களைத் தாண்டியிருக்கும். அதே வேலை, அதே ஊர், அதே வயிற்றுப் பிள்ளை; சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்பது ஒன்றுதான் வேறு. இந்தக் குறையைச் சரிசெய்யப் பயிற்சியாளர்களுக்கென்று மாதிரி ஒப்பந்தங்கள் முன்பும் இருந்தன. ஆனால் சில ஊழியர்களை மட்டுமே வைத்திருக்கும் ஒரு பிராக்டிஸின் மேலாளர், ஆறு மாதமோ ஓராண்டோ தங்கிப் போகும் ஒருவருக்காக அந்த விதிகளைப் படித்து, சரியாகக் கணக்கிட்டு, அப்படித் தந்த பணத்தையும் திரும்பப் பெற வேண்டியிருந்தது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இங்கே இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். என்.எச்.எஸ். தன் ஊழியர்களுக்குத் தரும் மகப்பேறு ஊதியம் சட்டப்படியானதைவிடத் தாராளமானது: எட்டு வாரம் முழுச் சம்பளம், அடுத்த 18 வாரம் பாதிச் சம்பளத்தோடு சட்டப்படியான தொகை, அதன் பின் 13 வாரம் சட்டப்படியான தொகை மட்டும். அதற்குத் தகுதி பெற, பிரசவ வாரத்துக்கு முந்தைய 11-ஆவது வாரத் தொடக்கத்தில் 12 மாத என்.எச்.எஸ். பணி இருக்க வேண்டும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ செய்த பணி அந்தக் கணக்கில் சேராது. மேலே சொன்ன மருத்துவர் முந்தைய ஆகஸ்டில்தான் முதன்முதலாக என்.எச்.எஸ்.ஸில் சேர்ந்தார் என்றால், ஒற்றை வேலைவழங்குநர் இருந்தும் அவருக்குச் சட்டப்படியான ஊதியம் மட்டுமே கிடைக்கும்.

யார் அந்த ஒற்றை வேலைவழங்குநர்?

நான்கு நாடுகளிலும் ஏற்பாடு ஒன்றுபோல் இல்லை. வேல்ஸில் என்.எச்.எஸ். வேல்ஸ் ஷேர்டு சர்வீசஸ் பார்ட்னர்ஷிப் என்னும் பொது அமைப்பு 2015 முதல் ஜி.பி. பயிற்சியாளர்களின் வேலைவழங்குநராக இருந்து வருகிறது. பின்னர் மற்றத் துறைப் பயிற்சியாளர்களும் படிப்படியாக அதன் கீழ் வந்தார்கள். ஸ்காட்லாந்தில் 2018 ஆகஸ்டில் நான்கு வேலைவழங்குநர்கள் என்ற முறை வந்தபோது, ஜி.பி. பயிற்சியாளர்கள் என்.எச்.எஸ். எஜுகேஷன் ஃபார் ஸ்காட்லாந்து என்னும் கல்வி அமைப்பின் ஊழியர்கள் ஆனார்கள். வட அயர்லாந்தில் அங்குள்ள மருத்துவ, பல் மருத்துவப் பயிற்சி முகமை 2019 முதல் கட்டம் கட்டமாக இந்தப் பொறுப்பை ஏற்றது. இங்கிலாந்தில் பகுதிக்குப் பகுதி ஒரு டிரஸ்ட் இதைச் செய்கிறது. அவற்றுள் மிகப் பெரியதொன்று, செயின்ட் ஹெலன்ஸ் அண்ட் நோஸ்லி டிரஸ்டாக இருந்து 2023 ஜூலை முதல் மெர்சி அண்ட் வெஸ்ட் லங்காஷயர் டீச்சிங் ஹாஸ்பிட்டல்ஸ் என்று பெயர் பெற்ற டிரஸ்ட். லிவர்பூலுக்கு அருகே இருக்கும் அந்த டிரஸ்ட், அங்கிருந்து வெகுதொலைவில் மத்திய இங்கிலாந்தில் வேலை செய்கிறவருக்கும் சம்பளம் தருகிறது. ஒப்பந்தத்தில் தெரியாத ஊரின் பெயர் இருப்பதற்கு இதுவே காரணம். அதைக் கண்டு தவறான இடத்தில் கையெழுத்திட்டுவிட்டோமோ என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் பயிற்சியாளர் ஒருவர் மூன்று பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, மூவரிடமும் கேட்கவும் உரிமை இருக்கிறது. ஒப்பந்தம், சம்பளம், விடுப்பு உரிமை, நோய் விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவை லீட் எம்ப்ளாயரைச் சேர்ந்தவை. அன்றாட வேலை, பணி நேரப் பட்டியல், விடுப்புத் தேதிக்கு ஒப்புதல், மேற்பார்வை ஆகியவை ‘ஹோஸ்ட்’ என்று அழைக்கப்படும் மருத்துவமனையையோ பிராக்டிஸையோ சேர்ந்தவை. எந்த இடத்துக்கு அனுப்புவது, ஆண்டு மதிப்பீடு, பயிற்சியை நீட்டிப்பது ஆகியவை கல்வி அமைப்பின் கையில் உள்ளன. முன்பு ஹெல்த் எஜுகேஷன் இங்கிலாந்து என்று தனியாக இருந்த அது 2023 ஏப்ரலில் என்.எச்.எஸ். இங்கிலாந்தோடு இணைந்தது. இந்தப் பிரிவினையை மனத்தில் பதித்துக்கொள்ளாதவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். காய்ச்சலில் படுத்தால் பிராக்டிஸுக்கு மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடக் கூடாது. லீட் எம்ப்ளாயருக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும். ஏழு நாளைத் தாண்டினால் மருத்துவச் சான்று அவர்களிடம் போய்ச் சேர வேண்டும். வேலைக்குத் திரும்பியதையும் தெரிவிக்க மறந்தால், ஏட்டில் இன்னும் நோயாளியாகவே இருந்து, சம்பளம் பாதியாகும் கட்டத்தை அறியாமலே தொட்டுவிட நேரும்.

நோய்க்கால ஊதியத்துக்கும் பணித்தொடர்ச்சிதான் அடிப்படை. முதலாண்டில் ஒரு மாதம் முழுச் சம்பளமும், நான்கு மாதப் பணிக்குப் பின் இரண்டு மாதம் பாதிச் சம்பளமும் உண்டு. இரண்டாமாண்டில் அது இரண்டும் இரண்டும். மூன்றாமாண்டில் நான்கும் நான்கும். ஐந்தாண்டு கடந்தவருக்கு ஆறும் ஆறும். ஆண்டு விடுப்பு 27 நாட்களில் தொடங்கி, ஐந்தாண்டு என்.எச்.எஸ். பணிக்குப் பின் 32 நாட்களாகிறது; பொது விடுமுறைகள் இதற்குப் புறம்பே.

இனிச் சம்பளச் சீட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். டாக்ஸ் கோட் என்ற கட்டத்தில் வழக்கமாக 1257எல் என்று இருக்கும். ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வருமான வரி இல்லை என்பது அதன் பொருள். வேலைவழங்குநர் மாறும்போது பழைய இடத்தின் பி45 படிவம் (வேலையை விடும்போது சம்பளத்தையும் பிடித்த வரியையும் குறித்துத் தருவது) நேரத்துக்கு வந்து சேராவிட்டால் அந்தக் கட்டத்தில் 0டி என்றோ பி.ஆர். என்றோ விழுந்துவிடும், வரிவிலக்கு முழுவதும் மறைந்து, முதல் பவுண்டிலிருந்தே வரி பிடிக்கப்படும். அந்தப் பணம் பின்னால் திரும்பக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் புதிய ஊரில் வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டிய மாதத்தில் அது ஆறுதல் தராது. ஆறு மாதத்துக்கொரு முறை இந்தத் தொல்லை வருவதை ஒற்றை வேலைவழங்குநர் முறை நிறுத்துகிறது. ஒரு விதிவிலக்கு உண்டு: பணியாற்றும் மருத்துவமனையிலேயே கூடுதல் ஷிப்டு பார்த்தால், அதற்கான பணத்தை அந்த மருத்துவமனை தனியாகத் தரும். அது இரண்டாவது வேலையாகக் கணக்கிடப்படுவதால் அந்தச் சீட்டில் பி.ஆர். என்று இருப்பது பிழையாகாது.

பிராக்டிஸில் வேலை நேரம் வாரத்துக்கு 40 மணி. அது பத்து அமர்வுகளாகப் பிரிக்கப்பட்டு, ஏழு அமர்வுகள் நோயாளிகளைப் பார்ப்பதற்கும் மூன்று அமர்வுகள் கற்றலுக்கும் ஒதுக்கப்படுகின்றன. இது 2016-ஆம் ஆண்டுப் பயிற்சி மருத்துவர் ஒப்பந்தத்தை ஒட்டிய கணக்கு. பிராக்டிஸின் விருப்பத்தைப் பொறுத்ததில்லை. நோயாளிகள் கூட்டம் அதிகம் என்று கற்றல் அமர்வை எடுத்துக்கொண்டாலோ, மாலை ஆறரைக்கு முடிய வேண்டிய வேலை தினமும் எட்டு மணிவரை நீண்டாலோ, எக்ஸெப்ஷன் ரிப்போர்ட், அதாவது விதிமீறல் அறிக்கை, பதிவு செய்ய உரிமை உண்டு. மருத்துவமனையில் இருக்கும்போது அந்த மருத்துவமனையின் பணி நேரக் காப்பாளரும், பிராக்டிஸில் இருக்கும்போது பொதுவாக லீட் எம்ப்ளாயரின் காப்பாளரும் அதைக் கவனிக்கிறார்கள். நமக்குப் பயிற்சி தரும் மூத்த மருத்துவரே பிராக்டிஸின் உரிமையாளராகவும் இருக்கையில் அவரைப் பற்றி எழுதுவதா என்ற தயக்கம் நம்மவர்களிடம் நிறையவே உண்டு. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் அவர் வேலைவழங்குநர் இல்லை என்பதே இங்கே பெரிய பாதுகாப்பு. நோயாளிகளின் பாதுகாப்புக் குறித்துக் குரல் எழுப்பும் பயிற்சியாளருக்கு ஒரு வேலைவழங்குநர் இருக்கிறார் என்பதாலேயே, கல்வி அமைப்புக்கு எதிராக அவர் சட்டப் பாதுகாப்புக் கோருவது தடைபடாது என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

மாற்றுத் திறனோ நீண்டகால நோயோ உள்ளவர்களுக்கு இந்த ஏற்பாட்டால் கிடைக்கும் நன்மை தனியாகச் சொல்ல வேண்டியது. 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி, அவர்களுக்குத் தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்துதருவது வேலைவழங்குநரின் கடமை. இரவுப் பணி கூடாது, தனி நாற்காலி வேண்டும், கேட்கும் கருவியோடு இணையும் தொலைபேசி வேண்டும் என்று ஒருமுறை தொழில்நல மருத்துவர் எழுதிய அறிக்கை, வேலைவழங்குநர் மாறாதவரை அவர்களிடமே இருக்கிறது. புதிய இடத்துக்குப் போகுமுன் அது அங்கே அனுப்பப்பட்டதா என்று எழுத்தில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. பணி நேர வரைவு எட்டு வாரத்துக்கு முன்பும், ஷிப்டுப் பட்டியல் ஆறு வாரத்துக்கு முன்பும் கைக்கு வர வேண்டும் என்பது நடைமுறை விதி. ஆகவே புதிய இடத்தில் சேர எட்டு வாரம் இருக்கும்போதே கேட்பது ஏற்றது.

பிராக்டிஸில் வீடு தேடிச் சென்று நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்பதால் சொந்தக் காரைப் பயன்படுத்துவோர் அதன் காப்பீட்டில் தொழில்முறைப் பயன்பாட்டையும் சேர்த்திருக்க வேண்டும். மைல் கணக்குப் பணத்தை லீட் எம்ப்ளாயரிடம் கோரலாம்.

விசா விஷயத்தில் ‘ஒற்றை’ என்ற சொல்லை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் பயிற்சி மருத்துவர்களின் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு ஸ்பான்சராக இருப்பது பொதுவாகக் கல்வி அமைப்பு. சம்பளம் தருவது லீட் எம்ப்ளாயர். ஸ்காட்லாந்தில் இரண்டும் ஒரே அமைப்பு. இடம் மாறும்போதெல்லாம் புதிய விசா தேவையில்லை என்பது நிம்மதி. ஆனால் பகுதிநேரப் பயிற்சிக்கு மாறினாலோ சம்பளமில்லா விடுப்பில் போனாலோ ஸ்பான்சருக்கும் தனியாகத் தெரிவிக்க வேண்டும். லீட் எம்ப்ளாயரிடம் சொன்னது அவர்களுக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று எண்ணி இருக்கக் கூடாது. மகப்பேறு, நோய் போன்ற காரணங்கள் தவிர, சம்பளமில்லா விடுப்பு நான்கு வாரங்களைத் தாண்டினால் விசாவே கேள்விக்குள்ளாகும்.

தேர்வில் தேறாமலோ நோயாலோ பயிற்சி நீட்டிக்கப்பட்டால் ஒப்பந்தமும் அதற்கேற்ப நீளும். 2025-இல் பயிற்சி மருத்துவர்களின் பணிவாழ்க்கையை மேம்படுத்த என்.எச்.எஸ். இங்கிலாந்து வெளியிட்ட பத்து அம்சத் திட்டத்தில், ஜி.பி.களுக்கு நெடுநாளாக உள்ள இந்த முறையை மற்றத் துறையினருக்கும் விரிவாக்குவது ஓர் அம்சமாக இடம்பெற்றிருக்கிறது.

பயிற்சி முடிந்து சான்றிதழ் கிடைத்ததும் லீட் எம்ப்ளாயரின் ஒப்பந்தமும் முடிகிறது. அதன் பின் சேரப்போகும் பிராக்டிஸ் மறுபடியும் ஒரு தனியார் நிறுவனம்தான். இந்தக் கட்டுரை தொடங்கிய அதே சட்ட இடைவெளி அங்கே திரும்ப வருகிறது. விசாவில் இருப்பவர், அந்தப் பிராக்டிஸிடம் ஸ்பான்சர் உரிமம் இருக்கிறதா என்று நேர்காணலுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பல பிராக்டிஸ்களிடம் அது இருப்பதில்லை, புதிதாக விண்ணப்பித்துப் பெற நேரம் பிடிக்கும். முந்தைய என்.எச்.எஸ். பணியைத் தொடர்ச்சியாக ஏற்றுக்கொள்கிறோம் என்ற வரி புதிய ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கையெழுத்திடும் முன் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். எடுக்காத விடுப்புக்கான பணம், மைல் கணக்குப் பாக்கி, பி45 படிவம் ஆகிய மூன்றையும் லீட் எம்ப்ளாயரின் மின்னஞ்சல் முகவரி மூடப்படுவதற்கு முன் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.